முதல் சந்திப்பின் காலம்: எச்.ஐ.வி.யுடன் வாழும் குழந்தைகளில் நச்சுயிரி இணைத்தொற்றுகள்

1. பொருளும் எல்லையும்

எச்.ஐ.வி. உள்ள உடலில் இன்னொரு நச்சுயிரியும் குடியிருந்தால் அதை இணைத்தொற்று என்கிறோம். சொல் ஒன்றுதான், அதற்குள் இரண்டு வேறுபட்ட நிலைமைகள் இருக்கின்றன. முப்பது வயதில் எச்.ஐ.வி. பெறுபவர் அதற்கு வெகுகாலம் முன்பே சின்னம்மை கண்டு தேறியிருப்பார். சைட்டோமெகலோ வைரஸும் எப்ஸ்டீன்-பார் வைரஸும் சிறு வயதிலேயே அவரிடம் வந்து, ஒரு சளிக்காய்ச்சலாகவோ அதுவும் இல்லாமலோ கடந்து, உடலின் ஏதோ ஒரு மூலையில் உறங்கப் போயிருக்கும். அவருடைய எதிர்ப்பாற்றல் அவற்றை ஒருமுறை அடக்கிப் பழகியது. அந்தப் பழக்கத்தை நினைவு அணுக்களில் சேமித்தும் வைத்திருக்கிறது. எச்.ஐ.வி. அந்தச் சேமிப்பை ஆண்டுக்கணக்கில் அரித்துத் தீர்த்த பிறகே உறங்கியவை விழிக்கின்றன.

தாயிடமிருந்து எச்.ஐ.வி. பெற்ற குழந்தைக்கு இப்படிப்பட்ட சேமிப்பு எதுவும் கிடையாது. அது முதலில் சந்தித்த நச்சுயிரியே எச்.ஐ.வி.தான். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால், ஏற்கெனவே குலைந்துபோன வீட்டுக்குள் வருகின்றன. பெரியவரிடம் இணைத்தொற்று பெரும்பாலும் பழையது மீண்டெழுவது. குழந்தையிடம் அது முதல் சந்திப்பு. எந்த நச்சுயிரி என்பதைக் காட்டிலும், அதை எந்த மாதத்தில், எதிர்ப்பாற்றல் எந்த நிலையில் இருந்தபோது சந்தித்தது என்பதே குழந்தையின் நோய்ப்போக்கைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பாடநூல்கள் நச்சுயிரிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பேசும். இங்கே வயது முன்னால் வருகிறது.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் மதிப்பீட்டில் உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழும் 15 வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 14 இலட்சம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். இத்துறையின் அறிவும் லுசாகா, நைரோபி, சொவெட்டோ ஆகிய ஊர்களின் வார்டுகளில்தான் பெருமளவு உருவானது. ஆகவே சான்றுகள் அங்கிருந்தே வருகின்றன. காசநோயும் பாக்டீரியத் தொற்றுகளும் இங்கே பொருளல்ல. அவை குறுக்கே வரும் இடங்களில் மட்டும் பேசப்படும்.

2. பிறந்த வீட்டின் நிலை

எச்.ஐ.வி. கருவறையிலோ பிரசவத்தின்போதோ தாய்ப்பால் வழியாகவோ குழந்தையை அடைகிறது. பெரியவர் உடலில் தொற்றின் தொடக்கத்தில் உச்சிக்கு ஏறும் நச்சுயிரி அளவு, சில மாதங்களில் தானாகவே சரிந்து ஒரு சமநிலைக்கு வரும். குழந்தையின் உடலில் இந்தச் சரிவு எளிதில் நிகழ்வதில்லை. மருந்து இல்லாவிட்டால் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை வைரல் லோடு எனப்படும் இந்த அளவு உயரத்திலேயே நிற்கும். ஆப்பிரிக்க ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி 2004-இல் வெளியான பகுப்பாய்வு, சிகிச்சை பெறாத குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாவது பிறந்தநாளைக் காணவில்லை என்று காட்டியது. அந்த மரணங்களின் அலை இரண்டாம், மூன்றாம் மாதத்திலேயே எழத் தொடங்குகிறது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. எச்.ஐ.வி. குறிவைக்கும் காவல் அணுக்களான சிடி4 அணுக்கள் கைக்குழந்தையின் இரத்தத்தில் இயல்பிலேயே ஏராளம். பெரியவருக்கு நல்ல எண்ணிக்கை என்று சொல்லக்கூடிய 700, ஆறு மாதக் குழந்தைக்கு ஆபத்தின் அறிகுறி. அதனால்தான் சிறு குழந்தைகளுக்கு எண்ணிக்கையைவிட விழுக்காட்டைப் பார்ப்பது வழக்கமானது. கணக்கு நிறைந்திருப்பதுபோல் தோன்றும்போதே காவல் கலைந்திருக்கலாம்.

தாய் கொடுக்கும் சீதனமும் குறைகிறது. கருவில் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து முதல் சில மாதங்களைக் காக்கும். எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து இந்தக் கடத்தல் குறைவாகவே நடக்கிறது. தட்டம்மைக்கு எதிரான எதிர்ப்பொருளில் இது நன்றாக அளந்து அறியப்பட்டிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றாமல் தப்பிய குழந்தைகளுக்கும் இந்தக் குறை உண்டு. அந்தக் குழந்தைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

3. சைட்டோமெகலோ வைரஸ்: தாய்ப்பாலில் வரும் துணை

பெயர் வாயில் நுழையாததாலேயே பொதுப்பேச்சில் இடம் பிடிக்காத நச்சுயிரி இது. ஆனால் இந்தக் கதையின் மையத்தில் நிற்பது இதுதான். வளரும் நாடுகளில் தாய்மார்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் இது உறங்குகிறது. பால் கொடுக்கத் தொடங்கியதும் மார்பில் விழித்துப் பாலில் இறங்குகிறது. நலமான குழந்தைக்கு இதனால் தீங்கில்லை. ஒரு வகையில் இயற்கை போடும் தடுப்பூசி என்றும் சொல்லலாம்.

எச்.ஐ.வி. சிகிச்சை அங்கே கிடைக்கத் தொடங்குவதற்கு முன், நைரோபியில் தாய்–சேய் இணைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இதைப் படம்பிடித்தது. எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மூன்று மாதத்துக்குள் சைட்டோமெகலோ வைரஸ் வந்துவிட்டது. தொற்றாத குழந்தைகளிலும் ஓராண்டுக்குள் ஏறக்குறைய அத்தனை பேருக்கும் வந்தது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தொற்றாத குழந்தைகளின் இரத்தத்தில் அந்த வைரஸின் அளவு விரைவில் வடிந்தது, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மாதக்கணக்கில் வடியாமல் நின்றது. வந்த விருந்தாளி ஒருவர்தான். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டார், மற்ற வீட்டில் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் என்ன செய்கிறார்? 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு விடை தந்தது. எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளில் சைட்டோமெகலோ வைரஸும் சேர்ந்தவர்களில் 70 விழுக்காட்டினருக்கு 18 மாதத்துக்குள் எச்.ஐ.வி. நோய் முற்றியது. அந்த வைரஸ் சேராதவர்களில் இது 30 விழுக்காடு. மூளை வளர்ச்சிக் குறைபாடும் கைகால் இயக்கக் கோளாறும் இணைத்தொற்று உள்ளவர்களிடமே மிகுதி. விளக்கம் இதுதான்: இந்த வைரஸை அடக்கும் வேலைக்கென்று உடல் தன் நினைவு டி அணுக்களில் பெரும்பங்கை ஒதுக்குகிறது, நலமான பெரியவரிடமே அது ஏறத்தாழ பத்து விழுக்காடு. இப்படி ஓயாமல் தூண்டப்படும் டி அணுக்கள்தாம் எச்.ஐ.வி. பெருகுவதற்கு ஏற்ற நிலம். ஒன்று மற்றொன்றுக்கு உழுது கொடுக்கிறது.

நுரையீரலில் இந்தக் கூட்டணி கொடியது. 2002-இல் லான்செட் இதழில் வெளியான லுசாகா பிரேதப் பரிசோதனை ஆய்வு, மூச்சு நோயால் இறந்த 264 குழந்தைகளின் நுரையீரலைத் திறந்து பார்த்தது. அவர்களில் 180 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. சீழ் நிமோனியாவும் நியூமோசிஸ்டிஸ் எனும் பூஞ்சை நிமோனியாவும் எதிர்பார்த்தவையே. சைட்டோமெகலோ வைரஸ் நிமோனியா எச்.ஐ.வி. உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரிடம் இருந்தது. உயிரோடு இருந்தபோது இதை யாரும் கண்டறிந்திருக்கவில்லை. அதற்குரிய வசதியும் இல்லை. இத்துறையில் நான் மிக மதிக்கும் சான்று இதுவே. உயிருள்ள குழந்தையின் சளியில் ஒரு வைரஸ் இருக்கிறது என்று காட்டுவது எளிது. நோயை உண்டாக்கியது அதுதான் என்று காட்ட, திசுவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் அந்தப் பரிசோதனைக்கு இசைந்ததால் கிடைத்த அறிவு இது.

மருத்துவ நடைமுறையில் சிக்கல் இங்கிருந்தே பிறக்கிறது. மூன்று மாதக் குழந்தை மூச்சுத் திணறலோடு வருகிறது. நியூமோசிஸ்டிஸாக இருக்கலாம் என்று கோட்ரைமாக்சசோலும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள்; கொடுத்தாகவும் வேண்டும். கூடவே சைட்டோமெகலோ வைரஸும் நுரையீரலில் இருந்தால் அதற்கு கான்சிக்ளோவிர் தேவை. அது நரம்பு வழியே பல நாள் ஏற்ற வேண்டிய மருந்து, இரத்த அணுக்களையும் குறைக்கும். இரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால், அந்த வயதில் எச்.ஐ.வி. உள்ள ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளின் இரத்தத்திலும் அது இருக்கிறது. எத்தனைக்கு மேல் இருந்தால் நோய் என்பதற்கு எல்லோரும் ஏற்ற வரம்பு கிடையாது. ஆகவே இங்கே முடிவெடுப்பது படுக்கையருகே நிற்கும் மருத்துவரின் அனுபவம்தான்.

4. அம்மை எழுதாத தோல்

தட்டம்மைக்கு நம் ஊரில் மணல்வாரி என்றும் பெயர். மணலை வாரி இறைத்தாற்போல் உடம்பெல்லாம் தடிப்பு. பெயரே தோலைப் பார்த்து வைத்தது. அம்மை ‘இறங்கிவிட்டதா’ என்று கேட்பதும், வேப்பிலை செருகுவதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் குறிப்பதும் தோலில் தெரிவதை வைத்துத்தான். எச்.ஐ.வி. முற்றிய குழந்தையிடம் இந்தக் கணக்கு தவறிப்போகலாம்.

தட்டம்மைத் தடிப்பை உண்டாக்குவது வைரஸ் மட்டும் அல்ல. தோலின் நுண்குழாய்களில் புகுந்த வைரஸைத் தேடி வரும் டி அணுக்கள் நடத்தும் போரின் தழும்பு அது. டி அணுக்கள் இல்லையென்றால் போரும் இல்லை, தழும்பும் இல்லை. எச்.ஐ.வி. அறியப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, 1959-இல், தட்டம்மைத் தடுப்பூசிக்கு வழிவகுத்த ஜான் எண்டர்ஸின் குழு இதைக் காட்டியது. தடிப்பே இல்லாமல் பேரணு நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் நுரையீரலிலிருந்து அவர்கள் தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். எச்.ஐ.வி. வந்த பிறகு அந்தப் பழைய கண்டுபிடிப்பு மறுபடி உயிர்பெற்றது. தோல் தெளிவாக இருக்க, நுரையீரலில் அம்மை.

லுசாகாவில் வில்லியம் மாஸ் குழுவினர் நடத்திய ஆய்வுகள் இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்தன. எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடம் தடிப்பு தோன்றி ஒரு மாதத்துக்குப் பிறகும் தட்டம்மை வைரஸின் மரபுப்பொருள் மிகுதியாகக் காணப்பட்டது. அதாவது, தேறிவிட்டதாகத் தோன்றும் குழந்தையிடமிருந்து வைரஸ் உடனே விலகிப்போவதில்லை. இரண்டாவது செய்தி விந்தையானது. தட்டம்மை தீவிரமாக இருந்த நாட்களில் அக்குழந்தைகளின் இரத்தத்தில் எச்.ஐ.வி. அளவு குறைந்தது, அம்மை தணிந்ததும் பழையபடி ஏறியது. ஒரு நச்சுயிரி மற்றொன்றை எப்போதும் வளர்க்கும் என்ற எளிய சமன்பாட்டை இது உடைக்கிறது. சைட்டோமெகலோ வைரஸ் உழுது கொடுக்கிறது என்றேன். தட்டம்மையோ சில நாள் நிலத்தையே பூட்டி வைக்கிறது. இதனால் குழந்தைக்கு நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்ப்பாற்றலின் பழைய நினைவுகளைத் துடைத்தழிக்கும் வேலையையும் தட்டம்மையே செய்கிறது.

தடுப்பூசியிலும் காலம்தான் சிக்கல். தட்டம்மைக்கு எதிரான தாயின் எதிர்ப்பொருள் விரைவில் தீர்ந்துவிடுவதால் ஒன்பதாம் மாதம் வரை காத்திருப்பது இக்குழந்தைகளுக்குப் பாதுகாப்பற்றது. அதனால் உலக சுகாதார நிறுவனம் ஆறாம் மாதத்திலேயே ஒரு கூடுதல் டோஸ் போடச் சொல்கிறது. போட்டது நிலைப்பதும் இல்லை. ஜாம்பியாவில் தடுப்பூசி போட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆன பின் பார்த்தபோது, எச்.ஐ.வி.யோடு உயிர் பிழைத்திருந்த குழந்தைகளில் பாதிப்பேரிடமே போதிய எதிர்ப்பொருள் எஞ்சியிருந்தது, எச்.ஐ.வி. இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேரிடம் இருந்தது. எதிர்ப்பாற்றல் மிகவும் வீழ்ந்திருக்கும் குழந்தைக்கோ இந்த உயிருள்ள தடுப்பூசியைப் போடவே கூடாது. முந்தினால் தங்காது, பிந்தினால் அம்மை முந்திக்கொள்ளும், நடுவில் போடவும் தடை. இந்த முடிச்சை அவிழ்ப்பது ஏ.ஆர்.டி. எனும் எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துச் சிகிச்சை மட்டுமே, அதைப் பின்னால் பார்ப்போம்.

சின்னம்மை விஷயத்தில் முதல் சந்திப்பின் காலம் எத்தனை ஆண்டு கழித்தும் கணக்குக் கேட்கும் என்பதற்கு எண் வடிவில் சான்று உண்டு. சின்னம்மை காணும் நேரத்தில் சிடி4 விழுக்காடு 15-க்குக் கீழே இருந்த குழந்தைகளில் 70 விழுக்காட்டினருக்குப் பிற்பாடு அதே வைரஸ் விழித்து அக்கியாக வந்தது. அக்கி பொதுவாக முதியவர்களின் நோய். ஆறு வயதுக் குழந்தைக்கு அக்கி வந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். நம் கிராமங்களில் குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதுவார்கள். எழுதிக்கொள்ளட்டும், ஆனால் எழுதப்பட்டது குழந்தையின் முதுகு என்றால், அதே வாரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனையும் நடக்க வேண்டும்.

5. கல்லீரல்: ஒரு மாத்திரை இரண்டு வேலை

எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சி பி வைரஸும் ஒரே வழிகளில் பரவுபவை: தாயிடமிருந்து, இரத்தத்தில், ஊசியில், உடலுறவில். வயதின் பங்கு இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. பிறப்பின்போது பி வைரஸ் பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது வாழ்நாள் தொற்றாகிவிடுகிறது. நலமான பெரியவருக்கு வந்தால் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி அரைத்துக் குடித்து நலமானேன் என்று சொல்லும் பெரியவர்களில் பலர் தாமாகவே நலமாகக்கூடிய வயதில் இருந்தவர்கள். இந்த வைரஸால் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் காமாலையே வராது. கல்லீரல் அமைதியாக இருக்கும். அந்த அமைதிதான் ஆபத்து: எதிர்ப்பாற்றல் அந்த வைரஸை அயலாக இனங்காணவில்லை என்பதே அதன் பொருள்.

எச்.ஐ.வி. உள்ள தாயிடம் பி வைரஸின் அளவு கூடுதல். ஆகவே குழந்தைக்குக் கடத்தும் வாய்ப்பும் கூடுதல். இதில் திட்டமிடாமலே ஒரு நன்மை விளைந்தது. இப்போது கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரையில் முதல் இரண்டும் இரு வைரஸ்களையும் அடக்குபவை. எச்.ஐ.வி.க்காகத் தாய் விழுங்கும் மாத்திரை, தனக்குப் பி வைரஸ் இருப்பதே தெரியாத தாயின் குழந்தையையும் காக்கிறது.

குழந்தையின் மருந்தில் இந்த நன்மை பாதிதான். சிறு குழந்தைகளுக்கு எலும்பும் சிறுநீரகமும் கருதி டெனோஃபோவிரைத் தவிர்த்து, அபாகாவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று கொடுப்பதே வழக்கம். இதில் பி வைரஸைத் தொடுவது லாமிவுடின் ஒன்றே. ஒற்றை மருந்தை எதிர்த்து அந்த வைரஸ் உருமாறிவிடும். இரு தொற்றும் உள்ள பெரியவர்களிடம் பிரான்சில் நடந்த ஆய்வொன்றில், நான்கு ஆண்டில் பத்தில் ஒன்பது பேரிடம் லாமிவுடினை எதிர்க்கும் பி வைரஸ் தோன்றியது. குழந்தை 30 கிலோவைத் தாண்டியதும் பெரியவர்களின் டெனோஃபோவிர் மாத்திரைக்கு மாற்றலாம். அதற்குள் பல ஆண்டுகள் ஓடியிருக்கும். அந்த எடையை எட்டுவதற்கு முன்பே டெனோஃபோவிரைத் தனியாகச் சேர்க்கவும் வழி உண்டு. ஆனால் அதற்கு, இந்தக் குழந்தைக்குப் பி வைரஸ் இருக்கிறது என்று யாராவது முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. உறுதியான அன்றே, குறைந்த விலையில், விரல்நுனிச் சொட்டு இரத்தத்தில் பார்த்துவிடக்கூடிய பரிசோதனை அது. கண்டுபிடிக்காமல் விட்டால் பின்னால் இன்னொரு விபத்தும் காத்திருக்கிறது: எச்.ஐ.வி. மருந்து பலிக்கவில்லை என்று கூட்டு மருந்தை மாற்றும்போது பி வைரஸை அடக்கியிருந்த மருந்தும் சேர்ந்து நின்றுபோய், கல்லீரல் திடீரென்று கொதித்தெழும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டுவிட்டால் இதில் பெரும்பகுதி எழாது. பி வைரஸுக்கும் சேர்த்துக் காக்கும் பென்டாவேலண்ட் தடுப்பூசியை இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். அது ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. பிறப்பு டோஸ் தனி. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஆறாவது வாரமே பி தடுப்பூசியின் முதல் ஊசி. அந்த ஆறு வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடந்து முடிந்திருக்கலாம்.

கல்லீரல் அழற்சி சி வைரஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் குழந்தைக்குச் சி வைரஸ் கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மூன்று வயதுக்கு மேல் சில மாத மாத்திரையில் அதை முற்றாகக் குணப்படுத்த முடியும். இக்கட்டுரையில் குணம் என்ற சொல்லை நான் பயன்படுத்தக்கூடிய ஒரே நச்சுயிரி அதுதான்.

தாயிடமிருந்து வராத இணைத்தொற்றும் உண்டு. அதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. சர்வாதிகாரி சௌசெஸ்குவுடைய ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் ருமேனியாவின் அனாதை இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் சத்துக்குறைவுக்கென்று குழந்தைகளுக்குச் சிறிதளவு இரத்தம் ஏற்றும் பழக்கம் இருந்தது. ஊசிகளும் மீண்டும் மீண்டும் பயன்பட்டன. சுமார் 10,000 குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது, பி வைரஸும் கூடவே போனது. லிபியாவின் பெங்காசியில் 1998-இல் வெளிப்பட்ட பரவலில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிக்கினார்கள். வேண்டுமென்றே தொற்றச் செய்ததாகப் பல்கேரியச் செவிலியர் ஐவரும் ஒரு பாலஸ்தீன மருத்துவரும் மரண தண்டனை பெற்று, 2007-இல் விடுதலையானார்கள். அக்குழந்தைகளிடம் இருந்த எச்.ஐ.வி., சி வைரஸ் ஆகியவற்றின் மரபு வரிசைகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், அந்த வெளிநாட்டவர் அங்கே வருவதற்கு முன்பே அவ்வைரஸ்கள் மருத்துவமனையில் புழங்கியிருந்தன என்று காட்டினார்கள். அங்கே ஓர் இணைத்தொற்றே சாட்சி சொன்னது. 2019-இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் ரத்தோதேரோ என்ற சிறு நகரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது, பெரும்பாலோரின் தாய்மாருக்குத் தொற்று இல்லை. காய்ச்சலுக்கும் சளிக்கும்கூட ஊசியும் டிரிப்பும் கேட்கும் பழக்கம் அங்கும் இருந்தது. ஊசி போட்டால்தான் டாக்டர் என்று நம்பும் ஊர்கள் நம்மிடமும் உண்டு.

6. மூச்சுப்பாதை நச்சுயிரிகள்

இப்பகுதியைச் சொவெட்டோவின் கிறிஸ் ஹானி பாரக்வனாத் மருத்துவமனையிலிருந்தே பேச வேண்டும். ஷபீர் மாதி குழுவினர் அங்கே கண்டது: ஆர்.எஸ்.வி. எனும் மூச்சு நச்சுயிரி பிற குழந்தைகளிடம் பருவத்துக்கு வந்து, இளைப்பாகத் தோன்றிப் போகும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பருவம் பாராமல் வந்தது, இளைப்பு குறைவாகவும் நிமோனியா மிகுதியாகவும் இருந்தது, மரணமும் கூடுதல். இளைப்பும் அம்மைத் தடிப்பைப் போல எதிர்ப்பாற்றலின் கூச்சலே என்று கொண்டால் இது புரிகிறது.

அந்த ஊரின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட முக்கியமானது. சுமார் 40,000 குழந்தைகள் பங்கேற்ற நியூமோகாக்கஸ் தடுப்பூசி ஆய்வின் தரவை 2004-இல் திரும்பப் பார்த்தபோது, நச்சுயிரி காணப்பட்ட நிமோனியாக்களும் தடுப்பூசி போட்டவர்களிடம் 31 விழுக்காடு குறைந்திருந்தன. தடுப்பூசியோ பாக்டீரியாவுக்கு எதிரானது. ஆக, வைரஸ் நிமோனியா என்று எழுதப்பட்டவற்றில் கணிசமானவை வைரஸ் கதவைத் திறக்க பாக்டீரியா உள்ளே புகுந்தவை. வைரஸ்தானே என்று ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தத் துடிக்கும் கை, இந்தக் குழந்தைகளிடம் சற்றுத் தயங்க வேண்டும்.

7. மெல்ல முதிர்பவை

எப்ஸ்டீன்-பார் வைரஸும், 1994-இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் இணையர் கண்டறிந்த கபோசி சார்கோமா வைரஸும் எச்சிலில் பரவுபவை. ஊட்டிவிடும் கையில், முத்தத்தில், ஒரே தட்டில் வருபவை. அவற்றைத் தடுக்க நினைப்பது பாசத்தைத் தடுக்க நினைப்பதுபோல் ஆகும். எப்ஸ்டீன்-பார் பல வழிகளில் வெளிப்படும். நிணநீர்ப் புற்றுகள் ஒன்று. நுரையீரலில் நிணநீர் அணுக்கள் மெல்லப் படர்ந்து விரல்நுனியைத் தடிக்கச் செய்யும் நாட்பட்ட நோய் மற்றொன்று. பிற குழந்தைகளிடம் மிக அரிதான மென்தசைக் கட்டிகள் மூன்றாவது. கபோசி சார்கோமா மலாவி, உகாண்டா, ஜாம்பியாவில் குழந்தைகளிடமும் காணப்படுகிறது. பெரியவரின் கருஞ்சிவப்புத் தோல் திட்டுக்குப் பதிலாக நிணநீர்க் கழலை வீக்கமாக மட்டுமே தோன்றக்கூடும் என்பதால், கழலைக் காசம் என்று மருந்து தொடங்கி மாதங்கள் வீணாவது உண்டு. இந்தியாவில் இந்த வைரஸ் அரிது. நம் மருத்துவர்கள் அதைத் தேடிப் பழகாததற்கு அதுவே காரணம்.

8. ஏ.ஆர்.டி. மாற்றியதும் மாற்றாததும்

கேப் டவுனிலும் சொவெட்டோவிலும் நடந்து 2008-இல் வெளியான ‘சேர்’ (CHER) எனும் ஆய்வு, சிடி4 சரியும்வரை காத்திராமல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. தொடங்கினால் குழந்தை மரணம் 76 விழுக்காடு குறைகிறது என்று நிறுவியது. இந்த எண்ணைப் பொதுவாக எச்.ஐ.வி.க்கு எதிரான வெற்றியாகப் படிப்பார்கள். முதல் சந்திப்புகள் எல்லாம் குவியும் அந்த ஓராண்டில் வீட்டைக் கலையாமல் வைத்திருந்ததால் கிடைத்த வெற்றி என்று நான் படிக்கிறேன். குழந்தைகளின் பெரும்பாலான இணைத்தொற்றுகளுக்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த மருந்து, காலத்தே தொடங்கிய ஏ.ஆர்.டி.தான். கான்சிக்ளோவிரும், சின்னம்மைக்கும் அக்கிக்குமான அசைக்ளோவிரும் அதற்குப் பின்னால் வருபவை.

காலத்தே என்பதில்தான் இடர்ப்பாடு. எச்.ஐ.வி.க்கு எதிரான தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை குழந்தையிடம் தங்கக்கூடும் என்பதால், எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரணப் பரிசோதனை பயன்படாது. ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் உலர்த்திய இரத்தத் துளியில் வைரஸையே தேட வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், நுண்ணுயிரியலாளர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளில். அரசின் இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரலில் வந்தது. குழந்தைகளுக்கான தனித் திட்டம் 2006 நவம்பரில். இருபது ஆண்டு இடைவெளி. அதற்குள் பிறந்து, மருந்தின்றி முதல் சந்திப்புகளைக் கடந்து வந்தவர்கள் இன்று இளைஞர்கள். அவர்கள் உடலில் எந்த வைரஸ் எந்த நிலையில் நுழைந்தது என்பதற்குப் பதிவேடு கிடையாது.

ஏ.ஆர்.டி. தொடங்கிய முதல் மாதங்களில் நிலைமை மோசமாவதுபோல் தோன்றுவதும் உண்டு. அக்கி வெடிக்கும், மருக்கள் பெருகும், கல்லீரல் நொதிகள் எகிறும். திரும்பி வந்த காவலர்கள் வீட்டில் ஒளிந்திருந்தவர்களை அடிக்கும் சத்தம் அது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மருந்து சாப்பிட்டுத்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று குடும்பம் மருந்தை நிறுத்திவிடும். ஏ.ஆர்.டி. மையத்தின் கவுன்சிலர் ஐந்து நிமிடம் பேச வேண்டிய இடம் இதுதான்.

ஏ.ஆர்.டி. எதிர்ப்பாற்றலைத் திரும்பக் கட்டுகிறது. ஆனால் அழிந்த நினைவைத் தானாக மீட்பதில்லை. மருந்துக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியும் பி ஊசியும் பலருக்குப் போடாததற்குச் சமம். சிடி4 எழுந்த பிறகு தட்டம்மையை மறுபடி போட வேண்டும். பி எதிர்ப்பொருளை அளந்து, இல்லையென்றால் அதையும் மறுபடி போட வேண்டும். தடுப்பூசி அட்டை முழுதாக நிரம்பியிருக்கிறது என்பதே இதற்குத் தடையாகிவிடுகிறது. எல்லாம் போட்டாச்சே என்று செவிலியர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

9. இன்னும் நடக்காத சந்திப்பு

மற்ற நச்சுயிரிகளெல்லாம் கதவைத் தட்டாமல் வந்தவை. எச்.பி.வி. எனும் மரு வைரஸ் குடும்பத்தில் கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வகைகள் மட்டும் பொதுவாகப் பதின்பருவத்திலோ அதற்குப் பின்னரோதான் வருகின்றன. இந்தச் சந்திப்பின் காலம் நமக்கு முன்கூட்டியே தெரியும். தடுப்பூசியும் கையில் இருக்கிறது.

இக்குடும்பத்தின் எளிய உறுப்பினர்களை எச்.ஐ.வி. எப்படி நடத்துகிறது என்பதைத் தோலிலேயே பார்க்கலாம். ஹராரேயில் எச்.ஐ.வி.யோடு வளர்ந்த பதின்வயதினரின் தோலை ஆராய்ந்தவர்கள் முகத்திலும் கையிலும் தட்டை மருக்களை மிகுதியாகக் கண்டார்கள். ஏ.ஆர்.டி. தொடங்கிய பின்னும் அவை எளிதில் மறைவதில்லை. வைரல் லோடு காணாத அளவுக்குக் குறைந்த உடலிலும் மருக்கள் அப்படியே இருக்கலாம். வகுப்பில் பக்கத்தில் உட்கார மறுக்கும் பிள்ளைகளுக்கு வைரல் லோடு தெரியாது, மரு தெரியும்.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. தடுப்பூசியில் ஒரு டோஸே போதும் என்று பரிந்துரையைத் தளர்த்தியது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இத்தளர்வு கிடையாது: குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று. பள்ளிகளில் முகாம் போட்டு ஒரே டோஸில் முடிக்கும் திட்டங்கள் வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஒரு மாணவிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று பள்ளிக்குத் தெரியாது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி அவளோ பெற்றோரோ அதைத் தெரிவிக்க வேண்டியதும் இல்லை. முகாம் செவிலியர் ஒரு டோஸ் போட்டு விரலில் மை வைத்து அனுப்புவார். அடுத்த மாதம் அதே மாணவி மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போவாள். அங்கே சிடி4 பார்ப்பார்கள், வைரல் லோடு பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது டோஸை எங்கே, யார் போடுவது என்பதை அந்த மையத்தின் கோப்பில் ஒரு கட்டமாகச் சேர்த்தால் போதும். அவள் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிராது.